தெருவை அடைக்கும் முன் ஒரு வார்த்தை

கட்டிய புருஷனிடம் கோபித்துக்கொண்டு வந்த பெண், அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடலாம். போன் அடித்தால் எடுக்காமல் விட்டுவிடலாம். ஆனால் அவருடைய குரலே வேனில் ஏறிக்கொண்டு தெருத் தெருவாகத் துரத்தி வந்தால் அவள் எங்கேதான் போவாள்?

பெரியவள் வாயில் பிரஷ்ஷோடு தங்கை வீட்டுக் குளியலறையில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அந்தக் குரல் வந்துவிட்டது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. அவசியமின்றி வீட்டை விட்டு வெளியே வராதீர்கள். முகக்கவசம் அணியுங்கள். ஆறடி இடைவெளி விடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். காய்ச்சல், இருமல், தொண்டை வலி உள்ளவர்களை மறைக்காமல் உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள்."

கணீரென்ற குரல். ஓர் எழுத்து பிசகாது. பெரியவள் நுரையைத் துப்பினாள். "வந்தாச்சு" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தக் குடும்பச் சண்டை மனப்பாடம். இன்றைக்குத்தான் பத்திரிகையைப் புரட்டியவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் கணவர் பேருந்து நிலையத்தில் முப்பது வருஷமாக அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, யாருடைய குழந்தை காணாமல் போய் அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்வது அவர்தான். கிருமிக்குப் பயந்து பேருந்துகள் நின்றதும் சுகாதாரத் துறை அந்தக் குரலைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்து வேனில் ஏற்றிவிட்டது.

ஊருக்கெல்லாம் பேசுகிற மனுஷன் வீட்டில் பேச மாட்டார். குழம்பு எப்படி என்றால் "ம்". குழாய் ஒழுகுகிறது என்றாலும் "ம்". குரல்தான் சோறு போடுகிறதாம், அதைக் கண்ட கண்ட விஷயத்துக்கெல்லாம் செலவு பண்ணக் கூடாதாம். கழுத்துக்கு மப்ளர், குடிக்க வெந்நீர். கால் கட்டைவிரலில் இரும்பு வாளி விழுந்த அன்றுகூட "ஐயோ" என்பதை அளவாகத்தான் சொன்னார்.

பெரியவள் ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் யார் யாரோ அவள் காதில் பேசினார்கள். அதனால் வீட்டுக்கு வந்தால் நிலவுகிற அமைதி அவளுக்கு ஒரு விதத்தில் சௌகரியமாகவே இருந்தது. ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும்.

அன்றைக்கு மருத்துவமனை அரங்கில் பிரிவு உபசாரம். பெரிய டாக்டர் அவளைப் பற்றிப் பேசினார், நர்சுகள் பேசினார்கள், கடைசியில் "குரல் மன்னர் இருக்கும்போது நாங்கள் பேசுவதா, அவரே ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று மைக்கை அவள் கணவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்தார். விரலால் மைக்கை இரண்டு தடவை தட்டினார். கூடம் கப்சிப் என்று ஆனது. பெரியவள் கைக்குட்டையைக்கூட எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் காவலாளி ஓடி வந்து அவர் கையில் ஒரு சீட்டைத் திணித்தான். அவர் அதைப் பார்த்தார். "வெள்ளை நிறக் கார் ஒன்று ஆம்புலன்ஸ் செல்லும் வழியை மறித்து நிற்கிறது. உரிமையாளர் உடனடியாக வந்து எடுக்கும்படிக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்." வழக்கம்போல இன்னொரு முறை வாசித்தார். நன்றி என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அரங்கமே சிரித்தது. பெரியவளும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள், வேறு என்ன செய்வது? வீட்டுக்குப் போனதும் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவள் பேசவில்லை என்பதை அவர் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. அந்த வயிற்றெரிச்சலில்தான் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தாள். நான்கு நாள் இருந்து புத்தி புகட்டிவிட்டுத் திரும்பலாம் என்பது திட்டம். மறுநாளே ஊரை மூடிவிட்டார்கள்.

"அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் வரேன்" என்று அன்றைக்கே தங்கையிடம் நிபந்தனை போட்டாள். சின்னவள் அதைப் போனில் அத்தானுக்குச் சொன்னாள். அத்தான் "ம்" என்றார்.

இது நடந்து வாரக் கணக்காகிவிட்டது.

குளியலறையை விட்டு வந்தால், கூடத்து ஜன்னலில் தங்கை புருஷன் நின்று வேன் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு வேலை, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறார். குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சோப்பு சார். பால் பாக்கெட் அவர் கையில் குளிக்காமல் சமையலறைக்குள் நுழைய முடியாது. செய்தித்தாளுக்கு இஸ்திரி போட்ட பிறகுதான் படிப்பார். சோபாவின் நடுவே சிவப்பு நாடா ஒட்டி, இந்தப் பக்கம் தான், அந்தப் பக்கம் பெண்டாட்டி என்று எல்லை வகுத்திருந்தார். பெரியவள் வந்து இறங்கிய அன்று அவளுடைய நீலப் பெட்டியைப் பால்கனியில் மூன்று நாள் வெயிலில் வைத்துவிட்டார். அவள் தங்கையின் நைட்டியில் மூன்று நாள் திண்டாடினாள்.

இந்த மனிதருக்கு வேனில் வருகிற குரல் வேதம். "சகலை சொல்லிட்டார்" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் வீட்டில் பேச்சுக்கு இடமில்லை. சகலை சொன்னார் என்று கைப்பிடிகளைத் துடைத்தார், சகலை சொன்னார் என்று மணிக்கொரு தரம் தண்ணீர் குடித்தார். எந்தக் குரலை விட்டு ஓடி வந்தாளோ அந்தக் குரலின் ஆட்சிதான் இந்த வீட்டிலும் நடந்தது.

அன்றைக்கு ஜன்னலிலிருந்து திரும்பிய சோப்பு சாரின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஒருவருக்குத் தொற்று உறுதியாம். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வந்துவிட்டதாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைக்கப்போகிறார்கள். இரண்டு வாரத்துக்கு உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது.

"வேற இடத்துக்காரங்க யாராவது தங்கியிருந்தா, ஆறு மணிக்குள்ள சூடு பார்த்து அனுப்பிடுவாங்களாம்" என்று சொல்லிவிட்டு அவர் மேற்கூரையைப் பார்த்தார். யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

சின்னவள் அடுத்த அறையில் கணினி முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்தாள். போய்விடு என்றாள். உன்னைத் துரத்துவதற்காகச் சொல்லவில்லை, இந்த மனுஷரோடு பூட்டிக் கிடக்க எனக்கு விதி, உனக்கு என்ன என்றாள். இத்தனை வருஷம் அத்தான் பேச மாட்டார் என்று தெரிந்துதானே குடித்தனம் நடத்தினாய் என்றும் கேட்டுவிட்டாள்.

பெரியவள் கட்டில் விரிப்பை இழுத்து நேராக்கினாள். அப்புறம் சொன்னாள்.

"அப்ப வேலை இருந்துச்சு. ஊர்ல இருக்கறவன் எல்லாம் என் காதுல பேசினான். இனிமே காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அந்த வீட்ல நானும் அவரும்தான். யோசிச்சா பயமா இருக்குடி."

மருத்துவமனைக்குப் பின்னால் பெண்கள் விடுதி இருக்கிறது. அதன் வார்டனிடம் அவள் பேசி வைத்திருந்தாள். ஊர் திறந்ததும் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனால் போனது. இல்லையென்றால் தகரத்தைப் பிரிக்கிற அன்று நேராக விடுதிக்குத்தான். இதை அவள் சொன்னபோது சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் சொன்னால் செய்வாள் என்று கூடப் பிறந்தவளுக்குத் தெரியும்.

மத்தியானம் போன் வந்தது. அவர்தான். பெரியவள் எடுத்தாள்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"தெருவை அடைக்கறாங்க."

"தெரியும்."

"ம்."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று பெரியவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் தன்னுடைய லைனில் இப்படிக் காத்திருந்ததே இல்லை.

"நிறையத் தண்ணி குடி" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டாள். வேனிலும் அதைத்தானே சொல்கிறார், இதற்கு எதற்குத் தனியாக ஒரு போன்? துணிகளை அள்ளி நீலப் பெட்டியில் போட்டாள். பிறகு எடுத்து அலமாரியில் அடுக்கினாள். மறுபடி பெட்டியில் போட்டாள். சோப்பு சார் கதவுக்கு வெளியே நின்று, பெட்டியைத் தரையில் வைக்காமல் காகிதத்தின் மேல் வைக்கும்படி தயவாகக் கேட்டுக்கொண்டார்.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். கட்டிய மனுஷன் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. டீ ஆற்றினால் முதல் டம்ளரைப் பேசாமல் அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தனக்கு எடுப்பார். அதையெல்லாம் அவள் மறந்துவிடவில்லை. ஆனால் டம்ளரை நகர்த்தினால் போதுமா? ஒரு வாய் வார்த்தைக்கு அவ்வளவா விலை?

சாயங்காலம் ஆட்கள் வந்து தெருமுனையில் கம்பு நட்டுத் தகரம் அடிக்க ஆரம்பித்தார்கள். சின்னவளின் வீடு முனையிலிருந்து இரண்டாவது கட்டடம், இரண்டாம் மாடி. பால்கனியில் நின்றால் எல்லாம் தெரிந்தது. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு மிச்சத்தை அடைத்துவிட்டார்கள். இடைவெளியில் சுகாதார ஆய்வாளர் நின்றாள். சின்ன வயசுப் பெண், கையில் சூடு பார்க்கும் கருவி, முகத்தில் மாஸ்க், அதன் மேல் கண்ணாடித் தகடு. கண்டிப்பானவள் என்பது நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

அப்போது வேன் வந்தது. தகரத்துக்கு வெளியே நின்றது.

பெரியவள் ஒன்றைக் கவனித்தாள். டிரைவர் பக்கத்தில் ஆள் இருந்தது. கழுத்தில் மப்ளர்.

தெரு அடைக்கிற செய்தி பழைய பதிவில் இல்லை. அதனால் அவரையே நேரில் கூட்டி வந்திருந்தார்கள். மைக்கை வாயருகே வைத்தார். விரலால் இரண்டு தடவை தட்டினார். அத்தனை பால்கனியிலும் தலைகள் முளைத்தன.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. இந்தத் தெரு மாலை ஆறு மணி முதல் அடைக்கப்படுகிறது. ஆறு மணிக்குப் பிறகு உள்ளே இருப்பவர் எவரும் எக்காரணம் கொண்டும் வெளியே அனுமதிக்கப்பட மாட்டார். விதிவிலக்கு கிடையாது."

இன்னொரு முறை வாசித்தார். சோப்பு சார் பக்கத்து ஜன்னலில் கைகட்டி நின்று கேட்டார். வாசித்து முடித்ததும் நன்றி என்று சொல்லியாக வேண்டும். அவர் சொல்லவில்லை. மைக்கை மறுபடி இரண்டு தடவை தட்டினார்.

"ஓர் அறிவிப்பு" என்றார். குரல் லேசாக நடுங்கியது. "நீல நிறப் பெட்டியுடன், மூக்குக் கண்ணாடி அணிந்த பெண்மணி ஒருவர் வீட்டிலிருந்து காணாமல் போயிருக்கிறார். மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவர். அவர் எங்கிருந்தாலும்..."

பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற அறிவிப்பு அது. அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

கீய்ய்ய் என்று ஒலிபெருக்கி வீறிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. டிரைவர் இறங்கி ஓடிப்போய் பேட்டரியைத் தட்டினான், ஒயரைப் பிடுங்கிச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. அவரோ அது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார். மாஸ்க் மட்டும் அசைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் பேசுகிறார், அதற்குள் பேட்டரி போய்விட்டதே என்று பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டிரைவர் தோளைத் தொட்டுச் சொன்னதும் அவருக்கு விஷயம் புரிந்தது. செத்துப்போன மைக்கைப் பார்த்தார். பால்கனியைப் பார்த்தார். வேனிலிருந்து இறங்கினார். கையில் மைக்கோடு, பின்னால் ஒயர் தரையில் இழுபட, தகரத்து இடைவெளியில் நுழைந்து உள்ளே வந்தார். ஆய்வாளர் பெண் தடுப்பதற்குள் பால்கனிக்குக் கீழே வந்து நின்றுவிட்டார்.

அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னார். இரண்டு மாஸ்க் போட்டிருந்தார், ஒன்றுமே விளங்கவில்லை.

"கேக்கலை" என்றாள் பெரியவள். அந்தத் தடவை நிஜமாகவே கேட்கவில்லை.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். இரண்டு மாஸ்க்கையும் தாடைக்கு இறக்கினார். ஜன்னலில் சோப்பு சார் "சகலை, மாஸ்க்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த தொண்டையைத் திறந்து அவர் கத்தினார்.

"அன்னிக்கு மைக்கைப் பிடிச்சதும் உன்னைத்தான் பார்த்தேன். சொல்ல வந்தது அத்தனையும் மறந்து போச்சு. கையில சீட்டு இருந்துச்சு, படிச்சிட்டேன். வீட்டுக்கு வா. பேசாம இருக்கறதுக்குக்கூட நீ வேணும். நீ இல்லாத வீட்ல என்னால சும்மா இருக்க முடியல."

தெருவில் ஒரு சுத்தியல்கூட அடிக்கவில்லை. தகரம் அடிக்கிற ஆட்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

பெரியவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கண்ணாடி மங்கியது. இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும், நியாயமாகப் பார்த்தால். ஆனால் இத்தனை வருஷத்துப் பட்டினி ஒரு வாயில் தீருமா? கையைக் காதோரம் குவித்தாள்.

"கேக்கலை" என்றாள்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கத்தினார். குரல் நடுவில் இரண்டாக உடைந்தது. சின்னவள் பின்னால் வந்து அக்காவின் முதுகில் கிள்ளினாள்.

"கேக்கவே இல்லைங்க" என்றாள் பெரியவள்.

"எங்களுக்கு நல்லாவே கேட்டுச்சும்மா" என்றாள் எதிர்வீட்டுப் பால்கனிக்காரி. "வேணும்னா நான் சொல்லட்டுமா?"

அவர் மூன்றாவது தடவையும் கத்தினார். "வீட்டுக்கு வா" வரைதான் வந்தது. அதற்கப்புறம் வாய் மட்டும் திறந்து மூடியது. குரலே போய்விட்டது என்று பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காகிதத்தைக்கூட மதிக்காமல், மாஸ்க்கை மாட்டிக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

அவள் கீழே போய்ச் சேர்ந்தபோது கடைசித் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். இடைவெளி போய்விட்டது. ஆய்வாளர் பெண் தகரத்துக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"சார், மணி ஆறு. நீங்க உள்ள நிக்கறீங்க" என்றாள்.

அவர் வேனைக் காட்டினார், மைக்கைக் காட்டினார், தன்னையும் பெரியவளையும் மாற்றி மாற்றிக் காட்டினார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. ஆய்வாளர் பெண்ணுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, குரலில் தெரிந்தது. எக்காரணம் கொண்டும் இல்லை, விதிவிலக்கு கிடையாது என்று இப்போதுதானே சார் நீங்களே சொன்னீர்கள், அதுவும் இரண்டு தடவை, என்றாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது, நான் இப்போது திறந்துவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்றாள்.  அதற்குப் பதில் சொல்ல அவரிடம் குரல் இல்லை.

பெரியவள் ஆறடி தள்ளிப் பெட்டியை வைத்தாள். அவருடைய மாஸ்க்கை மேலே ஏற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் ஏற்றிக்கொண்டார்.

"எனக்கு முதல் தடவையே கேட்டுச்சு" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் இரண்டு பேரும் நின்று சிரித்தார்கள். சுற்றியிருந்த பால்கனிகளில் சிலர் கைதட்டினார்கள்.

சிரித்து முடித்தால், போக இடம் ஒன்றுதான் இருந்தது.

மாடிப்படி ஏறிப் போனார்கள். சோப்பு சார் கதவைச் சங்கிலி போட்டு ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தார். இடுக்கில் மாஸ்க்கும் சூடு பார்க்கும் கருவியும் தெரிந்தன. உள்ளே சின்னவள், அத்தானை உள்ளே விடுங்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். ஒருவேளை விட்டிருப்பார். சகலை மேல் அவருக்கு உயிர். அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் இருமினார்.

ஒரே ஒரு இருமல்தான். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேல் மாடியில் ஒரு கதவு சாத்திக்கொண்டது, கீழே இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன.

சோப்பு சாரின் கண் பெரிதானது. "சகலை, தொண்டை வலிக்குதா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு பொய்யான அறிவிப்புக்கூடக் கொடுக்காத மனுஷன் அவர்.

"ம்" என்றார். அதுவும் கீறலாகத்தான் வந்தது.

"காய்ச்சல், இருமல், தொண்டை வலி உள்ளவங்களை மறைக்காம உடனே தெரிவிக்கணும். நீங்கதானே தினமும் சொல்றீங்க?" சோப்பு சாரின் குரல் கெஞ்சியது. "நீங்க சொல்லி நான் எதைச் செய்யாம இருந்திருக்கேன்?"

சோப்பு சாரின் கை, குடியிருப்புக் குழுவில் வந்திருந்த ஆய்வாளர் எண்ணைப் போனில் அழுத்தியது. கீழே, தகரத்துக்கு அப்பால், ஆய்வாளர் பெண்ணின் போன் மணி அடிப்பது படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. சோப்பு சார் ஸ்பீக்கரில் போட்டார். போனைக் காதில் வைத்தால் கிருமி ஒட்டும் என்பது அவர் கணக்கு. முகவரி சொன்னார். அறிகுறியுள்ள நபர் ஒருவர் என்றார்.

அறிவிப்பாளர் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். பெரியவள் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஒருத்தர் இல்ல தம்பி" என்றாள். "ரெண்டு பேர்னு சொல்லுங்க."

சோப்பு சார் அவளைப் பார்த்தார். சின்னவள் "அக்கா" என்றாள். அக்கா திரும்பவில்லை.

போனில் ஆய்வாளர் பெண் இதைக் கேட்டுவிட்டாள். ரெண்டு பேரா, சரி, தனிமைப்படுத்தும் முகாமுக்குக் கூட்டிப்போக வண்டி அனுப்பச் சொல்கிறேன் என்றாள். 

"ஆனா முன்னாலேயே சொல்லிடறேன். முகாம்ல ஆண்களுக்குத் தனிக் கட்டடம், பெண்களுக்குத் தனிக் கட்டடம். நாள் முடியற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே முடியாது."

அறிவிப்பாளர் படியிலிருந்து எழுந்தார். மாஸ்க்குக்குள் வாய் திறந்தது தெரிந்தது. ஒரு ஆளோடு சண்டை போட வேண்டும் என்று அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியிருக்கிறது. கை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, முழு மூச்சோடு தொடங்கினார். ஒரு சத்தமும் வரவில்லை.

"நீங்க உக்காருங்க" என்றாள் பெரியவள். "நான் பேசிக்கறேன்."

சங்கிலி இடுக்கில் கையை நீட்டினாள். சோப்பு சார் தயங்கினார், போனுக்கு இரண்டு தடவை மருந்து அடித்தார், பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினார். அவள் வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பெரிய டாக்டர்களையே காத்திருக்க வைத்த அந்த முப்பது வருஷத்துக் குரல் வந்தது.

"வணக்கம். லைன்லயே இருங்க. போனை வைக்கக் கூடாது."